பணம் திரும்பி வர வேண்டும்



மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் முறை, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் தொடங்கியது. காட்டோரம் கிடந்த கண்ணாடிச் சில்லுகள் யானைகளின் பாதத்தைக் கிழிப்பதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் வந்த திட்டம் அது. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும், பத்து ரூபாய்க்காக இன்னொருவர் பொறுக்கி எடுத்து வருகிறார். அறிவுரைப் பலகைகளால் ஆகாத காரியம் இது.

இதே முறை டியூப்லைட்டுக்கும் சிஎஃப்எல் பல்புக்கும் ஏன் இல்லை? அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. ஃப்யூஸ் போன டியூப்லைட்டை நாம் குப்பையோடு சேர்த்துப் போடுகிறோம். வண்டியில் கொட்டும்போது அது உடைகிறது. அப்போது வெளிவரும் பாதரச ஆவியை, பெரும்பாலும் முகக்கவசம்கூட இல்லாமல், தூய்மைப் பணியாளர்தான் சுவாசிக்கிறார். ஆனால் கார் பேட்டரி இப்படித் தெருவில் கிடப்பதில்லை, கவனித்திருப்பீர்கள். பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார்கள்.

2016 மின்னணுக் கழிவு விதிகளிலேயே வைப்புத்தொகை வாங்கித் திருப்பித் தர வழி இருந்தது. பாதரச விளக்குகளும் அந்த விதிகளுக்குள் வந்தன. ஆனால் எனக்குத் தெரிந்து எந்தக் கடையிலும் வைப்புத்தொகை கேட்டதில்லை, திருப்பிக் கொடுத்ததுமில்லை. விற்ற கடையே பழையதை வாங்கிப் பணத்தைத் தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கட்டும். யாரும் கேட்டு வராத தொகை எவ்வளவு என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். அது தூய்மைப் பணியாளர் நலனுக்குப் போக வேண்டிய பணம்.

– ஒரு வாசகர், குன்னூர்