அடுத்த வீட்டு அழுகை



நம் ஊர்களில் அடுத்த வீட்டைப் பற்றி நமக்குத் தெரியாத செய்தி எதுவும் இல்லை. அவர்கள் மகளை எங்கிருந்து பெண் கேட்டு வந்தார்கள், மருமகள் என்ன சீர் கொண்டுவந்தாள், மகன் எத்தனை பாடத்தில் தவறினான், நேற்றுக் குழம்பில் கிடந்தது எந்த மீன் - இவையெல்லாம் கேட்காமலே நம் செவிக்கு எட்டிவிடும். கேட்டுத் தெரிந்துகொள்வதையும் நாம் அநாகரிகமாகக் கருதுவதில்லை. ஆனால் அதே வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் அலறல் கேட்டால், அந்நேரத்தில் மட்டும் நமக்கு நாகரிகம் நினைவுக்கு வருகிறது. "அது அவர்கள் வீட்டு விவகாரம், நாம் தலையிடுவது மரியாதையன்று" என்று சொல்லிச் சன்னலைச் சாத்துகிறோம். தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றே கூட்டி வைப்பவர்களும் உண்டு.

இந்த மரியாதையைப் பற்றித்தான் இம்மாதம் பேச விரும்புகிறேன். அதற்குமுன் ஒரு பழைய வரலாற்றைச் சொல்லவேண்டும். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் பலர் இருக்கலாம்.

1873-ஆம் ஆண்டின் இறுதி. நியூயார்க் நகரில் ஏழை மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியொன்றில் எட்டா வீலர் என்னும் பெண்மணி வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்கு உதவி வந்தார். மெதடிஸ்ட் சபையின் ஊழியர் அவர். ஒரு வீட்டில் சிறுமி ஒருத்தி நாள்தோறும் அடிபடுகிறாள், வெளியே விடப்படுவதே இல்லை என்று அக்கம்பக்கத்தார் அவரிடம் முறையிட்டனர். சிறுமியின் பெயர் மேரி எலன். தந்தை உள்நாட்டுப் போரில் மாண்ட போர்வீரர். தாய் பிழைப்புக்காக வேலைக்குச் செல்ல நேர்ந்ததால், கூலிக்குப் பிள்ளை வளர்க்கும் ஒருத்தியிடம் குழந்தையை விட்டார். பணம் நின்றுபோகவே, குழந்தை நகரத்தின் தரும இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு வயதுகூட நிரம்பாத அதனை அங்கிருந்து ஒரு தம்பதியர் வாங்கிச் சென்றனர். பின்னர் கணவர் இறந்தார்; மனைவி வேறொருவரை மணந்தாள். அந்த வீட்டில்தான் மேரி எலன் வளர்ந்தாள்.

எட்டா வீலர் நேரே சென்று, "குழந்தையை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதவு சாத்தப்பட்டிருக்கும். அன்றிரவு குழந்தைக்கு இன்னும் இரண்டு அடி கூடுதலாக விழுந்திருக்கும். அந்த வீட்டுக்கு அடுத்த அறையில் சயரோகத்தால் இறந்துகொண்டிருந்த ஒரு பெண் இருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து வரும் அழுகையை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "உங்கள் அண்டை வீட்டுக்காரி மிகவும் நோயுற்றிருக்கிறாள், அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்கும் சாக்கில் எட்டா அந்தக் கதவைத் தட்டினார். உள்ளே கண்ட சிறுமிக்கு வயது ஒன்பது. பார்வைக்கு ஐந்து வயதுதான் மதிக்கலாம். டிசம்பர்க் குளிரில் மெல்லிய கந்தல் உடை. நின்றபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு சாட்டை கிடந்தது.

எட்டா போலீசாரிடம் சென்றார். தரும நிலையங்களுக்குச் சென்றார். ஆதாரம் இல்லாமல் எப்படி என்றனர் சிலர். சட்டப்படி குழந்தையைக் கொண்டுவந்தால் வைத்துக்கொள்கிறோம் என்றனர் வேறு சிலர். மாதங்கள் கடந்தன. இறுதியில் அவர் சென்று நின்றது ஹென்றி பெர்க் என்பவரின் வாசலில். பெர்க் 1866-இல் அமெரிக்காவின் முதல் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர். அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் ஜெரி ஆவன செய்ய, 1874 ஏப்ரல் 9-ஆம் நாள் மேரி எலன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். உடுத்த தக்க ஆடையில்லாததால், வண்டியில் போர்த்தும் கம்பளத்தில் அவளைச் சுற்றியிருந்தார்கள். முகத்தில் கத்தரிக்கோலால் ஏற்பட்ட வெட்டுக்காயம். வளர்ப்புத்தாய் தன்னை ஒருமுறையேனும் முத்தமிட்டதாக நினைவில்லை என்று அந்தக் குழந்தை சாட்சி சொன்னாள். வளர்த்தவளுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே குழந்தைகளுக்கெதிரான கொடுமையைத் தடுப்பதற்கென நியூயார்க்கில் ஒரு சங்கம் தோன்றியது. உலகில் இத்தகைய சங்கங்களுள் முதலாவது அது.

இவ்வரலாற்றை மேடைகளில் சொல்பவர்கள் ஒரு கற்பனையையும் சேர்த்துச் சொல்வதுண்டு. அக்காலத்தில் குழந்தையைக் காக்கச் சட்டமே இருக்கவில்லை. ஆகவே, "இவளும் ஒரு பிராணிதான்" என்று வாதாடிப் பிராணிகள் சட்டத்தைக் கொண்டே பெர்க் அவளை மீட்டார் என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுவன்று. பெர்க் தம் சங்கத்தின் பெயரால் அன்றித் தனிமனிதராகவே இதில் இறங்கினார். சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்ட ஒருவரை நீதிபதியின் முன் கொண்டுவரச் செய்யும் பழைய சட்டமே பயன்பட்டது. அடித்துக் காயப்படுத்துவது அன்றும் குற்றமாகவே இருந்தது. சட்டம் இருந்தது, அதைக் கையிலெடுத்துக்கொண்டு அந்தக் கதவுவரை நடக்க ஆளில்லை. கற்பனையைவிட இந்த உண்மை நம்மை அதிகம் சுடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைகளுக்கு முன் பிராணிகளுக்குச் சங்கம் எப்படி வந்தது என்ற கேள்வி எழலாம். இலண்டனில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: அங்கே பிராணிகளுக்கான சங்கம் 1824-இல், குழந்தைகளுக்கான சங்கம் 1884-இல். அறுபது ஆண்டுகள்! இதைக் கொண்டு, ஆங்கிலேயர் பிள்ளைகளைவிட நாய்களை நேசித்தனர் என்று கேலி பேசுவது எளிது. எனக்குப் படுவது வேறு காரணம். குதிரை அடிபட்டது தெருவில். நடுவீதியில் விழுந்து கிடக்கும் குதிரையின் மேல் சாட்டை இறங்குவதை ஊரே பார்த்தது. பெர்க் நியூயார்க் வீதிகளில் அளவுக்கு மீறி ஆளேற்றிய குதிரை வண்டிகளை மறித்துப் பயணிகளை இறங்கச் செய்தவர். குழந்தை அடிபட்டதோ கூரைக்கும் கதவுக்கும் உள்ளே. கூரைக்குள் நடப்பது தகப்பனின் உரிமை என்று உலகம் எண்ணியது. தெருவில் கூசிய கண், வீட்டு வாசலில் தலையைத் திருப்பிக்கொண்டது.

இரண்டுக்கும் கூசிய பெரியவர்களும் இருந்தனர். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக இருந்த கர்தினால் மானிங், உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர். அவரே இலண்டன் குழந்தைகள் சங்கத்துக்குத் துணைநின்று, அதன் முன்னோடியான பெஞ்சமின் வா என்ற புராட்டஸ்டண்டுப் போதகரோடு சேர்ந்து 1886-இல் குழந்தைகள் படும் கொடுமைகளைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். கத்தோலிக்கக் கர்தினாலும் பிரிவினை சபைப் போதகரும் ஒரே கட்டுரையில் கையொப்பமிடுவது அக்காலத்தில் சிறு செய்தியன்று.

இனி நம் வீதிக்கு வருவோம்.

நம் மொழியிலேயே மாடும் பிள்ளையும் ஒரே கொட்டடியில் கட்டப்பட்டிருக்கின்றன. "அடியாத மாடு படியாது" என்பது பழமொழி. அதை மாட்டுக்காரர் சொல்லக் கேட்டதைவிடத் தகப்பன்மார் சொல்லக் கேட்டதே மிகுதி. பிள்ளையைத் திட்டவேண்டுமென்றால் எருமை, கழுதை, குரங்கு, பன்றி என்று ஒரு தொழுவத்தையே அழைக்கிறோம். பள்ளியில் சேர்க்கும் நாளில், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிவந்த தலைமுறை இன்னும் முற்றாக மறையவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடைசெய்துவிட்டது என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலருக்கு அதில் வருத்தமும் உண்டு! மூன்று முறை அடிபட்டபின் வாய்திறந்து, "உமக்கு நான் என்ன செய்தேன்?" என்னும் கருத்தில் கேட்ட பிலயாமின் கழுதையை எண்ணிக்கைநூலில் படித்திருக்கிறோம். அடித்தவன் கண்ணுக்குப் புலப்படாத வானதூதர், அடிபட்ட கழுதையின் கண்ணுக்கன்றோ புலப்பட்டார்!

பிராணிகள் வகையில் நமக்குச் சட்டக் குறைவு கிடையாது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் பயனாக, 1960-இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வண்டி மாடுகளைப் பற்றி 1965-இல் விதிகளும் வந்தன. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. தொடர்ச்சியாக ஐந்து மணிக்கு மேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணிவரை நுகத்தில் பூட்டலாகாது. இவ்விதிகளைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவன், பேருந்து நிலையத் தேநீர்க் கடைகளில் விடியுமுன் தொடங்கி இரவு பத்து மணிவரை கிளாஸ் கழுவும் சிறுவன். மாட்டுக்கு எழுதிவைத்த நண்பகல் ஓய்வு அவனுக்குக் கிடைத்ததில்லை. 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, தன் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பதினான்கு வயது நிரம்பாதவரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது. இருந்தும் அவன் கழுவிய கிளாசில் தேநீர் அருந்திவிட்டு, "தம்பி, சீக்கிரம்" என்று சொல்லிக் கடந்து செல்பவர்களைக் காண முடிகிறது.

கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழிகளோடு மோட்டார் சைக்கிள் ஒன்று நமக்கு முன்னே செல்லும். தலைகள் சாலையை உரசிவிடும் போலிருக்கும். பின்னால் பள்ளி வண்டியில் அமர்ந்து அதைப் பார்க்கும் பிள்ளை முதலில் கண்ணை மூடும். பத்து நாள் கழித்துப் பார்த்துக்கொண்டே தின்பண்டம் தின்னும். நோவுண்டாகும் வகையில் உயிர்களை ஏற்றிச் செல்வதை அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமென்கிறது. ஆனால் முதல் முறை பிடிபட்டால் அது விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய்வரை. இது யாரை அச்சுறுத்தும்? பண்டிகை நாளில், நம் கிறிஸ்துமஸ் இரவிலும்தான், நாயின் வாலில் பட்டாசுச் சரம் கட்டப்படுகிறது. கட்டுபவன் சிறுவன், திண்ணையில் அமர்ந்து சிரிப்பவர்கள் பெரியவர்கள். எனக்குக் கோபம் வருவது சிறுவன்மீதன்று.

சரி, என்ன செய்வது? அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் பகைதானே மிஞ்சும் என்பீர்கள். எட்டா வீலர் தட்டிய விதத்தை மீண்டும் பாருங்கள். அவர் நல்ல பழக்கவழக்கத்தையே கருவியாக்கிக்கொண்டார். நம் பெண்களுக்கு இது புதிதன்று. அலறல் கேட்கும்போது ஒரு கிண்ணத்தோடு போய், "கொஞ்சம் உறைமோர் இருக்குமா அக்கா?" என்று கேட்டு நிற்கலாம். ஓங்கிய கை இறங்கிவிடும். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். பேருந்தில் மூன்று பிள்ளைகளையும் இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு நிற்கும் தாய், அழும் பிள்ளையை அறைகிறாள். அவளுக்கு உபதேசம் செய்யப் பத்துப் பேர் முன்வருவர்; இடம் கொடுக்க ஒருவரும் எழுவதில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவளை உட்காரச் சொன்னால், பெரும்பாலும் அடுத்த அறை விழாது.

உறைமோரால் தீராத கொடுமைகளும் உண்டு. குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். தெரிவிக்காதிருப்பதே குற்றம்; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கு எதுவும் செல்லாது. குற்றவாளி மாமனானாலும், ஆசிரியரானாலும், ஆலயத்தில் நம் மரியாதைக்குரியவரானாலும் சட்டம் ஒன்றே. இதை ஒரு மறைமாவட்ட இதழில் எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சொந்த முயற்சியாக வெளியிட்ட ஆணை, இத்தகைய முறையீடுகளைப் பெற எளிதில் அணுகத்தக்க ஏற்பாட்டினை ஓராண்டுக்குள் மறைமாவட்டங்கள் அமைக்கவேண்டுமெனப் பணித்தது. குருக்களும் துறவியரும் தாம் அறிந்ததைத் திருச்சபை அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமையையும் விதித்தது. திருச்சபையின் மானம் போய்விடும் என்று ஒரு குழந்தையின் வாயைப் பொத்துகிறவர், எந்தத் திருச்சபையைக் காக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

மேரி எலன் என்ன ஆனாள் என்று சிலர் கேட்கக்கூடும். எட்டா வீலரின் தாயும் பின்னர் தங்கையும் அவளைத் தம் ஊரில் வளர்த்தனர். 1888-இல் அவள் மணம்புரிந்தாள். தன் மகள் ஒருத்திக்கு எட்டா என்று பெயரிட்டாள். 1956-இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானாள்.

குழந்தைகளுக்கான உதவி எண்ணைப் பலர் கேட்டு வைத்திருப்பீர்கள். கேட்டிராதவர்கள் அடுக்களையில் தொங்கும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்: 1098. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அழைப்பவர் தம் பெயரைச் சொல்லியாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.