புகையின் வாக்குமூலம்

பையன் பரீட்சையில் தோற்றால் "வாத்தியார் சரியில்லை" என்று சொல்லுகிற தகப்பனார்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கார் தோற்றாலும் அதே பாட்டுத்தான் என்பதை, கலிபோர்னியாவில் என் அக்காள் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது தெரிந்துகொண்டேன்.

அவனிடம் 1994-ஆம் வருஷத்து மாஸ்டா மியாட்டா ஒன்று இருக்கிறது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிட்டுக் காற்று முகத்தில் அடிக்கப் போகலாம். அந்தச் சிவப்புக் காரைக் குழந்தையைப் போல் துடைத்து வைத்திருக்கிறான். இத்தனை வயதான கார்கள் அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புகைப் பரீட்சைக்குப் போயாக வேண்டும். சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓட்டி, குழாயில் வருவதை அளக்கிறார்கள். மியாட்டா தோற்றுவிட்டது.

உடனே வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். பெட்ரோலில் ஒரு புட்டி மருந்தை ஊற்றச் சொன்னார் ஒரு நண்பர். பட்டறைக்காரர் ஒருவர் காகிதத்தைக் கையில்கூட வாங்காமல், "கன்வர்ட்டர் போய்விட்டது, மாற்றிவிடு" என்று தீர்ப்பளித்தார். ஆயிரம் டாலருக்கு மேல் செலவு! மூன்றாமவர், தெரிந்த இடத்தில் சான்றிதழ் வாங்கித் தருவதாகவே சொன்னார்.

"எப்படியாவது பாஸானால் போதும் மாமா" என்றான் இவன்.

இந்த 'எப்படியாவது' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

அந்தக் காகிதம் வெறும் தோல்விச் சீட்டு அல்ல, நோயாளியின் நாடி. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமல் தப்பிய பெட்ரோல். கார்பன் மோனாக்ஸைடு என்பது பிராணவாயு போதாமல் அரைகுறையாக எரிந்தது. நைட்ரிக் ஆக்ஸைடு அதிகச் சூட்டில் பிறப்பது. இவன் காரில் கார்பன் மோனாக்ஸைடு எல்லை மீறியிருந்தது. நைட்ரிக் ஆக்ஸைடு மிகக் குறைவு. கல்லூரிப் படிப்பை இன்டர்மீடியட்டோடு நிறுத்திக்கொண்ட எனக்கே இது புரிந்தது: எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது. ஏன் குடிக்கிறது என்று கேட்காமல் கன்வர்ட்டரை மாற்றினால், எரியாத மிச்சமெல்லாம் புதியதற்குள் போய் எரிந்து, அதையும் சூட்டில் பாழாக்கிவிடும்.

கடைசியில் ஒரு கிழ மெக்கானிக் அகப்பட்டார். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் முடுக்கிவிட்டுக் காதைக் கொடுத்தார். 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம். எஞ்சினை நிறுத்திப் புகைக் குழாயின் பின்வாயில் காற்றை ஊதி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். நம் ஊர் சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோல, ஓரிடத்தில் குமிழி கிளம்பிற்று. கேஸ்கட் ஒன்று தேய்ந்திருந்தது. ஆக்ஸிஜனை அளக்கும் சென்ஸருக்கு முன்னாலேயே அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. "பிராணவாயு மிச்சம் இருக்கிறது" என்று சென்ஸர் சாட்சி சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. பொய்ச் சாட்சியை நம்பிய நீதிபதியின் கதை! கேஸ்கட்டை மாற்றியதும் கார் தேறியது. கன்வர்ட்டர் ஒரு பாவமும் செய்யவில்லை.

இந்தப் பரீட்சை சர்க்காரின் வெட்டி வேலை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1943-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தைக் கண் எரிக்கும் மூட்டம் கவிந்தது. அது ஏன் என்பதை அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மித் என்ற ரசாயன விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் கண்டு சொன்னார். ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் கலந்து ஓஸோனாக மாறுகின்றன. அவற்றில் பெரும் பங்கு கார்கள் கக்குவது. மூச்சுக்காகப் பிறந்த பரீட்சை இது. காகிதத்துக்காகப் பிறந்தது அல்ல.

காகிதமே பெரிது என்று நினைத்தால் எங்கே கொண்டுபோய் விடும்? 2015-இல் வோக்ஸ்வாகன் கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. பரீட்சை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் தந்திரத்தை டீஸல் கார்களின் கம்ப்யூட்டரிலேயே புகுத்தியிருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! சாலையில் சில கார்கள் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை எல்லைக்கு 40 மடங்கு வரை கக்கின. என் மருமகனின் 'எப்படியாவது', படித்த இன்ஜினீயர்களின் கையில் அப்படிப் பூதமாக வளர்ந்திருந்தது.

பழைய காரையெல்லாம் உடைத்துப் போடு என்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன். கிழவனுக்கு இருமல் வந்தால் மார்பைத் தட்டிப் பார்ப்பதுதான் முறை. பாடை கட்டுவது அல்ல. ஆனால் இருமலே இல்லை என்று சான்றிதழ் வாங்குவது அதைவிடப் பெரிய குற்றம்.

ஊருக்குப் புறப்படும் நாளில் என்னை மியாட்டாவில் ஏற்றிக்கொண்டு போனான். கூரை திறந்திருந்தது. முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பஸ். ஜன்னலில் குழந்தைகள் கையாட்டினார்கள். "இந்தப் புகை போகிற இடம் அதுதான், பார்த்துக்கொள்" என்றேன். அவன் பதில் பேசவில்லை. இப்போது பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறானாம்.