இருபது பேரும் திருடர்களாகவே இருக்கட்டும்!

ஊருக்குப் போனால் திருப்பதி பார்க்காமல் விமானம் ஏறாத குடும்பங்கள் நம்மில் நிறைய. அதே மலைத்தொடரின் சேஷாசலம் காட்டில்தான் 2015 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. அன்று அது சித்தூர் மாவட்டம். 2022இல் பிரித்ததிலிருந்து திருப்பதி மாவட்டம். செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள்.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மாட்கள் கேட்பது, "செம்மரம் வெட்டத்தானே போனாங்க?"

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். பிடித்து வழக்குப் போடுங்கள், ஜெயிலில் தள்ளுங்கள். மரம் வெட்டினால் மரண தண்டனை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? செத்தவன் யோக்கியனா என்பதல்ல கேள்வி. சுட்டது சட்டப்படி சரியா என்பதுதான்.

நான் பிழைக்க வந்த நெதர்லாந்தின் சிவில் சட்டத்தில் 'சட்டவிரோதச் செயல்' என்று ஒரு பிரிவு உண்டு. அடுத்தவர் உரிமையை மீறினாலும், சட்டக் கடமையை மீறினாலும், எழுதாத சமூக நெறியை மீறினாலும் நஷ்டத்துக்கு நீதான் பொறுப்பு. அரசுக்கும் இதே விதி. 1947இல் இந்தோனேசியாவின் ராவகெடே கிராமத்து ஆண்களை டச்சுப் படை சுட்டுக் கொன்றது. சுட்டவர் ஒருவரும் தண்டனை பெறவில்லை. ஆனாலும் 2011இல் ஹேக் நீதிமன்றம், 'காலம் கடந்துவிட்டது' என்ற அரசின் வாதத்தைத் தள்ளிவிட்டு, விதவைகளுக்கு இழப்பீடு தரச் சொன்னது. ஆளுக்கு 20,000 யூரோவும் ஒரு மன்னிப்பும் கிடைத்தன. 64 வருஷம் கழித்து!

நம் நாட்டில் வழியில்லையா? 1964இல் கஸ்தூரிலால் வழக்கில், போலீஸ் செய்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 1993இல், போலீஸ் காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய் நீலபதி பெஹரா வழக்கில், உயிர்வாழும் உரிமையை மீறினால் அந்தச் சாக்கு செல்லாது என்று சொல்லி 1.5 லட்சம் கொடுக்க வைத்தது.

இருபது பேர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு அறிவித்தது தலா 3 லட்சம் 'நிவாரணம்'. நிவாரணம் புயலடித்தால் கொடுப்பது. அது கருணை. இழப்பீடு அப்படியல்ல, 'நாங்கள் செய்தது சட்டவிரோதம்' என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. சுட்ட அரசு கொடுக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்த முறை மலையேறும்போது கொஞ்சம் யோசியுங்கள். திருடனுக்குச் சட்டம் இல்லை என்று ஒத்துக்கொண்டால், நாளைக்கு யார் திருடன் என்பதைத் துப்பாக்கி வைத்திருப்பவன்தான் முடிவு செய்வான்.