குறட்டை: சிரித்துவிட்டு விடலாமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

"நேத்து நைட் உன் குறட்டையில தூங்கவே முடியல" என்று ரூம்மேட்டோ வீட்டில் இருப்பவரோ சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். 'அசந்து தூங்கினா குறட்டை வரத்தானே செய்யும்' என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் இல்லை. சிலருக்கு அது ஒரு நோயின் அறிகுறி.

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானார். அவருக்குப் பல உடல்நலப் பிரச்சினைகள் இருந்தன. மரணத்துக்குக் காரணமாக மருத்துவமனை சொன்ன பெயர் பலருக்குப் புதிது: அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் அப்னியா. அதாவது, தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடுவது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வேலை பார்க்கும் வயதில் உள்ள சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. அதில் 4.7 கோடி பேருக்கு அது நடுத்தர அல்லது தீவிர நிலையில் உள்ளது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு போகும் வழி குறுகும். அதன் வழியே காற்று போகும்போது அண்ணத்தின் பின்பகுதியும் உள்நாக்கும் அதிரும். அந்த அதிர்வுதான் குறட்டை.

மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். மது குடித்தால் தசைகள் இன்னும் தளரும். மூக்கடைப்பு, வீங்கிய டான்சில், கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு எல்லாமே வழியை மேலும் குறுக்கும். தாடை சிறியதாக இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். அதனால் 'நான் ஒண்ணும் குண்டு இல்லையே' என்று தள்ளிவிட முடியாது.

எந்தக் குறட்டை ஆபத்து?

சளி பிடித்தபோதோ, பார்ட்டி முடிந்த இரவிலோ மட்டும் வரும் குறட்டைக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது நடுவில் வரும் அமைதியை. சத்தம் திடீரென நிற்கும். சில நொடிகள் மூச்சே இருக்காது. பிறகு ஒரு திணறலோடு மறுபடியும் தொடங்கும். இப்படி 10 நொடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அது அப்னியா. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை உங்களை ஒரு கணம் உசுப்பி மூச்சை மீட்கும். இது இரவில் நூறு முறை நடந்தாலும் காலையில் ஞாபகம் இருக்காது.

பகலில்தான் விளைவு தெரியும். எட்டு மணி நேரம் தூங்கியும் மதிய மீட்டிங்கில் கண் சொக்குகிறதா? காலையில் தலைவலியா? சின்ன விஷயத்துக்கும் எரிச்சலா? 'வேலை ப்ரெஷர்' என்று இன்னொரு காபி போட்டுக்கொள்வோம். பெண்களுக்குக் குறட்டையைவிடச் சோர்வும் தூக்கமின்மையுமே முக்கிய அறிகுறியாக இருக்கலாம் என்பதால், பல நேரம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றுக்கான அபாயம் கூடும். வண்டி ஓட்டும்போது கண் அசந்தால் ஆபத்து மற்றவர்களுக்கும்தான்.

என்ன செய்யலாம்?

காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். தேவைப்பட்டால் 'ஸ்லீப் ஸ்டடி' எழுதித் தருவார்கள். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்யலாம். பலருக்கு வீட்டிலேயே கருவி பொருத்தியும் செய்யலாம். மூச்சு நிற்பதோ குறைவதோ ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 முறைக்குள் இருந்தால் லேசான நிலை, 15 முதல் 30 வரை நடுத்தர நிலை, அதற்கு மேல் தீவிரம்.

சிகிச்சை அந்த எண்ணையும் காரணத்தையும் பொறுத்தது. லேசான நிலையில் எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், இரவில் மதுவைத் தவிர்ப்பதுமே நல்ல பலன் தரலாம். நடுத்தர, தீவிர நிலைகளுக்கு முதல் தேர்வு 'சிபேப்' மெஷின். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும். விலை சில பத்தாயிரங்கள் ஆகும். பல இன்ஷூரன்ஸ் பாலிசிகள் அதைத் தருவதில்லை என்பதால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சிலருக்குத் தாடையை முன்னால் நகர்த்தும் பல் கருவியோ அறுவை சிகிச்சையோ பொருந்தும். உடல் பருமனோடு அப்னியாவும் உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. ஆனால் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து அது.

ரீல்ஸில் சுற்றும் 'மவுத் டேப்' பக்கம் போகாதீர்கள். மூக்கடைப்பு உள்ளவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் மூச்சு எங்கே போகும்?

உங்கள் குறட்டை உங்களுக்குக் கேட்காது. அதனால் டாக்டரிடம் போகும்போது, பக்கத்தில் படுப்பவரையும் முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக இருப்பவர்கள் இன்றிரவே போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். இடையில் அந்த அமைதி வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், அப்பாயின்ட்மென்ட் போடத் தள்ளிப்போடாதீர்கள்.