செருகுவாய் இல்லாத மடிக்கணினி

மடிக்கணினிகளின் அடிப்படை நினைவகம் 8 கிகாபைற்றிலிருந்து 16 ஆக உயர்ந்துவிட்டதென்பதைப் பெரும் வளர்ச்சியாகக் கொண்டாடுவோர் நம்மிடையே உளர். பல்கலைக்கழகம் புகும் மாணவருக்கு “16க்குக் குறைந்ததை வாங்காதே” என்று கூறுவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. அவ்வறிவுரை பிழையன்று, ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை அது கேளாமல் விடுகின்றது. அக்கேள்வியை மன்னாரில் நின்று கேட்போம். கொழும்பில் நின்று பார்ப்போர்க்கு அது எளிதிற் புலப்படுவதில்லை.

பேசாலையிலும் தலைமன்னாரிலும் காற்று உப்பைச் சுமந்தே வருகின்றது. யன்னற் கம்பி துருவேறுவது போலவே கணினியின் உட்தொடுகைகளும் கறுக்கின்றன. இயங்க மறுத்த மடிக்கணினிக்குத் திருத்துநர் முதலிற் செய்யும் வைத்தியம் எளியது: ‘றாம்’ எனப்படும் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுகைகளைப் பள்ளிப்பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்து, மீண்டும் செருகுவார். பல வேளைகளிற் பொறி உயிர்த்தெழும். எழாவிடின் வேறொரு தகட்டைப் பூட்டுவார். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அத்தகடே இல்லை. நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையில் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டுள்ளன. ஒட்டியதிற் கறுப்பதற்குத் தொடுகை இல்லையே என்பர், உண்மைதான். ஆயின் சில்லொன்று பழுதுற்றால் பெரும்பாலும் தாய்ப்பலகையையே மாற்ற நேரும்.

பழுதிலும் பெரிய கேடு வேறொன்றுண்டு. எமது ஊர்களில் வீடு கட்டுவோர் ஓராண்டு அத்திவாரமிடுவர், அடுத்த மீன்பாட்டிலோ அறுவடையிலோ சுவரெழுப்புவர். மடிக்கணினியையும் அவ்வாறே வாங்கினோம்: இப்போது நான்கு, காசு வந்தபின் இன்னொரு நான்கு. அவ்வழியை ஒட்டுமுறை அடைத்துவிட்டது. நான்காண்டுப் படிப்புக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதை முதலாம் நாளிலேயே, முழுப் பணத்துடன், தீர்மானிக்க வேண்டியுள்ளது. 8இற்குப் பதிலாக 16 வேண்டுமென்போரிடம் அப்பிள் நிறுவனம் அறவிட்டு வந்த மேலதிகத் தொகை 200 அமெரிக்க டொலர். 2024ஆம் ஆண்டு நாணயமாற்றிற் சுமார் 60,000 ரூபா. பின்னர் சேர்க்க இயலாது என்ற நிலையே அவ்விலைக்குக் காவல்.

இவ்வுயர்வு யார் பொருட்டு வந்தது? தமது 8 கிகாபைற்று ஏனைய கணினிகளின் 16இற்கு ஒப்பானது என்ற கருத்தை அந்நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் 2023 நவம்பரிற் கூறினார். ஓராண்டு நிறையுமுன், 2024 ஒக்ரோபரில், அதே நிறுவனம் 16ஐ அடிப்படையாக்கியது. மைக்ரோசொப்ற் நிறுவனமும் தன் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு 16ஐ அவ்வாண்டு மே மாதத்தில் நிபந்தனையாக்கியிருந்தது. மாணவர் கேட்டபோது உயராதது செயற்கை நுண்ணறிவு குடியேற இடம் கேட்டபோது உயர்ந்தது என்று கருத வேண்டியுள்ளது.

பெருகிய நினைவகம் நம் கைக்கு எட்டுகின்றதா என்பதும் ஐயமே. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 மெகாபைற்று கேட்டது. 2021இன் விண்டோஸ் 11 கேட்பது 4 கிகாபைற்று. அதாவது 64 மடங்கு. நாம் 64 மடங்கு விரைவாகவா எழுதுகின்றோம்? தமிழ்க் குறியீடொன்றுக்கு மூன்று பைற்று செலவாகும் யூரிஎவ்-8 முறையிற்கூடத் திருக்குறள் முழுவதும் அரை மெகாபைற்றுக்குள் அடங்கும். அதைக் காட்டும் உலாவியோ நூற்றுக்கணக்கான மெகாபைற்றை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கின்றது. கட்டுக்கரைக் குளத்தின் கட்டை உயர்த்திவிட்டு வாய்க்காற் கசிவை அடைக்காது விட்டால் கடைமடை வயலுக்கு என்ன எஞ்சும் என்பதை அங்குள்ள கமக்காரர் அறிவர்.

ஒட்டிய நினைவகம் விரைவானது, குறைந்த மின் உண்பது என்று பொறியியலாளர் விடையிறுப்பர். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்நன்மைகளைப் பெரிதும் காத்துக்கொண்டே கழற்றி மாற்றத்தக்க ‘காம்2’ என்னும் தகட்டுக்குரிய தரநிலை 2023 டிசெம்பரில் வெளியாயிற்று. 2024இல் லெனோவோவின் திங்பாட் மடிக்கணினியொன்று அவ்வகைத் தகட்டுடன் விற்பனைக்கும் வந்தது. இயலாமை என்ற சாட்டு அத்துடன் தீர்ந்தது.

2025இன் பிற்பகுதியிற் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரியெடுத்ததால் விலை கடுமையாக ஏறிற்று. இத்தகைய வேளையிற் செருகுவாய் உள்ளவர் இருப்பதைக் கொண்டு சமாளித்து, விலை தணிந்தபின் கூட்டிக்கொள்ளலாம். மற்றவர்க்கு அத்தெரிவே இல்லை.

எனவே நாம் கேட்பது, பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் விடுக்கும் கணினிக் கொள்வனவு அறிவித்தல்களில் “16 கிகாபைற்று” என்பதன் அருகே “மாற்றத்தக்க செருகுவாயுடன்” என்ற இரு சொற்களும் இடம்பெற வேண்டும் என்பதே. அத்தகையவை கிடைப்பதில்லை என வழங்குநர் சொல்லக்கூடும். கிடைக்கின்றன; சற்றுத் தடித்தவை, சற்றுக் கனத்தவை. தலைமன்னாரிலிருந்து பேருந்தில் நின்றபடியே வரும் மாணவிக்கு அந்தச் சில நூறு கிராம் பாரமா என்பதை அவளிடமே கேட்கலாம். இதுவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.