பரோட்டாவுக்கு ‘நோ’... பார்ட்டிக்கு ‘யெஸ்’!



பர்த்டேவா, ட்ரீட். அரியர் க்ளியர் ஆயிடுச்சா, ட்ரீட். கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆயாச்சா, டபுள் ட்ரீட்! நம்ம பொழப்பே காலேஜ் வாசல் ஃபாஸ்ட் ஃபுட் கடையைச் சுத்தித்தான் ஓடுது. ஆனா, ஒவ்வொரு கேங்லயும் ஒரு ஆளைக் கவனிச்சிருக்கீங்களா? எல்லாரும் நூடுல்ஸை உறிஞ்சிக்கிட்டு இருக்கும்போது, ‘எனக்கு வேணாம்ப்பா’னு ஒரு லெமன் ஜூஸோட ஓரமா உட்கார்ந்திருப்பாங்க. ‘ஓவரா சீன் போடாத’னு நாமளும் கலாய்ச்சுத் தள்ளுவோம். இந்த வார மேட்டர் அந்த ஆளைப் பத்தித்தான். ஒருவேளை அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம்!

வில்லன் யாரு?

கோதுமை, பார்லி, ரை... இந்த மூணு தானியத்திலும் இருக்கிற ஒரு புரதத்துக்குப் பேர் குளுட்டன். மாஸ்டர் பரோட்டா மாவை வீசும்போது அது கிழியாம ரப்பர் மாதிரி இழுபடுதே, அந்த வேலையைப் பார்க்கிறதே இந்த குளுட்டன்தான். நம்மில் பெரும்பாலானவங்களுக்கு இதால ஒரு தொந்தரவும் இல்லை. ஆனா ‘சீலியாக்’ நோய் இருக்கிறவங்களுக்கு, குளுட்டன் உள்ளே போனதும் உடம்போட எதிர்ப்பு சக்தி தன் சொந்த சிறுகுடலையே தாக்க ஆரம்பிச்சுடும். சத்தை உறிஞ்சுற குடல் உறிஞ்சிகள் தேய்ஞ்சு போகும். வயிறு உப்புசம், பேதி, எடை குறையறது, இரும்புச் சத்து மாத்திரை போட்டும் சரியாகாத ரத்தசோகை, எந்நேரமும் அசதி... எல்லாம் அதோட கைவரிசை. குணமாக்க மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளுட்டனைத் தொடாம இருக்கிறதுதான் ஒரே வைத்தியம்.

இது பிடிபட்ட கதையே ஒரு சினிமா! வில்லெம் டிக்கேன்னு ஒரு டச்சு குழந்தை மருத்துவர். அவருக்குக் கோதுமை மேல ஏற்கெனவே ஒரு டவுட். 1944-45 குளிர்காலத்தில், உலகப் போரால ஹாலந்தில் பயங்கரப் பஞ்சம். ரொட்டியே கிடைக்கலை. ஊரே வாடுது, ஆனா இந்த நோய் இருந்த குழந்தைங்க மட்டும் தேறுறாங்க. போர் முடிஞ்சு ரொட்டி திரும்ப வந்ததும், மறுபடி படுத்துட்டாங்க. 1950-ல் தன் ஆய்வேட்டில் டிக்கே கோதுமையைக் கூண்டில் ஏத்தினார்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி’னு நினைக்காதீங்க. நம்ம நாட்டிலேயே, சப்பாத்தி சாப்பிடுற வட இந்தியாவில் இது நல்லாவே இருக்கு. அரிசி சாப்பிடுற தென்னிந்தியாவில் ரொம்பக் குறைவுன்னு 2016-ல் வெளியான ஒரு ஆய்வு சொல்லுது. குறைவுதான், ஆனா ஜீரோ இல்லை.

ஒரே ஒரு வாய்தானே?

எங்க ஹாஸ்டலில் ஹரியானாவிலிருந்து வந்த ஒரு நண்பன் இருக்கான். சின்ன வயசிலேயே சீலியாக்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அவன் அதிகம் கேட்கிற டயலாக், ‘ஒரே ஒரு வாய் சாப்பிடு மச்சி, ஒண்ணும் ஆகாது!’. சரி, ஒரு வாய்க்கு என்ன ஆகும்? நம்ம பாணியில் கணக்குப் போடுவோம்.

ஒரு பரோட்டாவில் 50 கிராம் மைதான்னு வெச்சுக்குங்க. அதில் சுமார் 10 சதவிகிதம் புரதம், அதாவது 5 கிராம். அதில் பெரும்பகுதி குளுட்டன்தான். தோராயமா 4 கிராம், அதாவது 4,000 மில்லிகிராம். சீலியாக் உள்ளவங்க தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூணு மாசம் எடுத்தாலே குடல் சேதமாகுதுன்னு 2007-ல் இத்தாலி ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. இப்போ வகுத்துப் பாருங்க. பரோட்டாவை 80 துண்டா பிச்சா, அதில் ஒரே ஒரு துண்டு! ‘ஒரு வாய்’ங்கிறது அவங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம் பாஸ்.

கடையில் என்ன கேட்கிறது?

‘அண்ணே, இதில் குளுட்டன் இருக்கா?’னு கேட்டா, மாஸ்டர் நம்மளை ஏற இறங்கப் பார்ப்பார். ‘கோதுமை இருக்கா?’னு கேட்டாலும் ஆபத்து. ‘கோதுமை எல்லாம் இல்லப்பா, சுத்தமான மைதா!’னு பெருமையா சொல்லிடுவார். மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமையோட அவதாரங்கள்தான். அதனால பேர் சொல்லிக் கேளுங்க: ‘அண்ணே, இதில் மைதா, ரவை, கோதுமை மாவு, சோயா சாஸ் ஏதாவது போடுறீங்களா?’

பரோட்டா, பூரி, சமோசா, பப்ஸ், பர்கர், பிட்சா... இதெல்லாம் முகத்தைப் பார்த்தாலே தெரியுற வில்லன்கள். மாறுவேஷத்தில் வர்றவங்கதான் டேஞ்சர்!

ஃப்ரைடு ரைஸ்: அரிசிதானேன்னு நம்பிடாதீங்க. சோயா சாஸ் தயாரிப்பில் பெரும்பாலும் கோதுமையும் சேருது.

கோபி 65, சிக்கன் 65: மேல இருக்கிற மொறுமொறு கோட்டிங்கில் சில கடைகளில் மைதா இருக்கும்.

ரவா தோசை: பேர்தான் தோசை, குணம் கோதுமை.

சாம்பார், ரசம்: அதிர்ச்சியா இருக்கா? கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் நிறைய பிராண்டுகள் கோதுமை மாவோ மைதாவோ கலக்குறாங்க. டப்பாவைத் திருப்பிப் படிங்க. நம்ம ஹரியானா நண்பன் இட்லியைப் பார்த்து ‘சொர்க்கம்டா’ன்னான். சாம்பார்தான் அவனைக் கவுத்துச்சு!

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்: உருளைக்கிழங்கு அப்பாவி. ஆனா சமோசா பொரிச்ச அதே எண்ணெயில் பொரிச்சா, அதுவும் குற்றவாளி. அமெரிக்காவில், தன்னோட ஃப்ரைஸில் சுவைக்காகச் சேர்க்கிற பொருளில் கோதுமை, பால் சார்ந்த கூறுகள் இருக்குன்னு 2006-ல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனமே சொல்லிச்சு. ஊருக்கு ஊர் தயாரிப்பு மாறும். அதனால கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுதான் சேஃப்.

அப்போ என்னதான் சாப்பிடுறது? இட்லி, இடியாப்பம், ஆப்பம், அரிசிப் புட்டு, தயிர் சாதம், ஆம்லெட், சுண்டல், கம்பு, கேழ்வரகு... நம்ம ஊர் லிஸ்ட் பெருசு. சாதா தோசைக்கு மட்டும் ஒரு கண்டிஷன். பரோட்டா போட்ட அதே கல்லில் ஊத்தக் கூடாது. கூட்டம் இல்லாத நேரமா போய், ‘டாக்டர் சொல்லியிருக்கார்ணே, கல்லைத் தேய்ச்சுட்டு ஊத்துங்க’ன்னு சொல்லிப் பாருங்க. பல மாஸ்டர்கள் தங்கமானவங்க!

பெரிய செயின் கடைகளில் உங்களுக்கு ஒரு சட்ட உரிமையும் இருக்கு. 10 அல்லது அதுக்கு மேற்பட்ட இடங்களில் கிளை வெச்சிருக்கிற உணவகங்கள், அலர்ஜி தரக்கூடிய பொருட்களோட விவரத்தைத் தரணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020-ம் வருட விதிகள் சொல்லுது. பாக்கெட்டில் ‘குளுட்டன் இல்லாதது’னு போடணும்னா, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளுட்டன் இருக்கக் கூடாது. வெட்கப்படாம கேளுங்க.

வயித்துக்குள்ள டீபக்கிங்

‘எனக்கும் பரோட்டா சாப்பிட்டா வயிறு உப்புது. எனக்கும் அதுதானோ?’னு இப்பவே கிளம்பிடாதீங்க. வயித்தைக் கலக்க ஆயிரம் காரணம் உண்டு. பாலில் இருக்கிற லாக்டோஸ் செரிக்காம இருக்கலாம். வெங்காயம், பூண்டு, கோதுமைல இருக்கிற ‘ஃப்ரக்டான்’ங்கிற மாவுச்சத்து வகை காரணமா இருக்கலாம். 2018-ல் வெளியான நார்வே ஆய்வு ஒண்ணில், ‘குளுட்டன் எனக்கு ஒத்துக்கலை’னு நம்பின 59 பேருக்கு (சீலியாக் இல்லாதவங்க) என்னன்னு சொல்லாமலே மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. அதிகம் தொந்தரவு கொடுத்தது குளுட்டன் இல்லை, ஃப்ரக்டான்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதனால புரோகிராம்ல எர்ரர் வந்தா என்ன பண்ணுவோமோ, அதையே பண்ணுங்க. ஒரு நோட்டு போடுங்க. ரெண்டு வாரத்துக்கு, என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு, எப்போ தொந்தரவு வந்துச்சு, அன்னிக்கு தூக்கம் எப்படி, எக்ஸாம் டென்ஷன் இருந்துச்சா... எல்லாத்தையும் எழுதுங்க. ஒரு பேட்டர்ன் தெரியும். அந்த நோட்டோட டாக்டரைப் பாருங்க.

இங்கேதான் ரொம்ப முக்கியமான பாயின்ட். டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க! சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை, குளுட்டன் சாப்பிடுறதால உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியைத்தான் தேடுது. கோதுமையை நிறுத்தினா ஆன்டிபாடி குறைஞ்சுடும். நோய் இருந்தும் ‘நெகட்டிவ்’னு ரிசல்ட் வரலாம். அப்புறம் டெஸ்ட்டுக்காகவே திரும்பப் பல வாரம் கோதுமை சாப்பிட்டு அவஸ்தைப்படணும். முதல்ல டெஸ்ட், அப்புறம்தான் டயட். சீலியாக் இல்லைன்னு தெரிஞ்சதும், டாக்டர் சொன்னா ஒவ்வொரு பொருளா நிறுத்தி, ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். லேப்ல சொல்லித் தர்ற அதே ரூல்தான்!

இன்னொண்ணு... ஏதாவது சாப்பிட்டதும் உதடு, முகம் வீங்குது, மூச்சு திணறுதுன்னா, அது வேற கேஸ். கடுமையான அலர்ஜி. நோட்டெல்லாம் தேட வேணாம், உடனே 108-க்கு அடிங்க.

கடைசியா, கலாய்க்கிற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. ‘வேணாம்’னு சொல்றவங்களுக்குப் பசி இல்லைன்னு அர்த்தமில்லை. நம்மளைவிட அதிகமாவே பரோட்டா ஆசை இருக்கலாம். அடுத்த ட்ரீட்டுக்கு எந்தக் கடைன்னு அவங்களை முடிவு பண்ணச் சொல்லுங்க. ஆப்பம் - முட்டைக்கறியோட ஒரு பர்த்டே கொண்டாடினா கேக் ஒண்ணும் கோவிச்சுக்காது!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா? அதுவரைக்கும்... பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிங்க!