தாய்மொழிக்கு அபராதமா?

கொடைக்கானலுக்கு வருவோர் கோக்கர்ஸ் வாக்கில் உலவுகின்றனர். பிரையண்ட் பூங்காவில் இளைப்பாறுகின்றனர். ஆண்டவர் போயினர், அவர்கள் இட்ட பெயர்கள் நம் நாவில் நிலைத்துவிட்டன. இம்மலைகளைத் தாயகமாகக் கொண்ட பளியர், சோலைக்கும் ஓடைக்கும் வழங்கிய பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைக் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தம் வாழ்வால் காட்டினார். 1977இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடியது. ஆட்சி அவரைத் தொடவில்லை. அதே ஆண்டில் கமிரீத்துச் சிற்றூர் மக்களோடு கிக்கூயு மொழியில் ஒரு நாடகத்தை மேடையேற்றினார், ஆண்டிறுதியில் சிறையிடப்பட்டார். அங்கே கழிப்பறைத் தாளில் தாய்மொழியிலேயே அடுத்த நாவலை எழுதினார். ஏழைக்குப் புரியும் மொழிக்கே அதிகாரம் அஞ்சுகிறது.

தம் பள்ளி நாள்களில் கிக்கூயு பேசிய மாணவர் அடியும் அபராதமும் பெற்றதாக அவர் எழுதியுள்ளார். அது அந்நியர் ஆட்சிக்காலம். இன்றோ, தமிழ் பேசிய குழந்தைக்கு அபராதம் விதிக்கும் பள்ளிகள் நம்மிடையே உண்டு. அவற்றுள் சிலவற்றின் சுவரில் சிலுவை தொங்குகிறது என்பதே நம் வெட்கம்.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கத்தை' அச்சேற்றியது நம் திருச்சபை. தமிழுக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் நம்மவர். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்குக் கதவு திறந்தது. பீடத்தில் ஏற்றிய மொழியைப் பள்ளி முற்றத்தில் தண்டிப்பது என்ன நியாயம்?

பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டாமா என்பர். வேண்டும், கற்போம். ஒரு மொழியைக் கற்பிக்க இன்னொன்றை இழிவுபடுத்த வேண்டியதில்லை.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பளியர் குழந்தை தன் வீட்டுப் பேச்சில் வாய் திறக்கும்போது நகைப்பவர் ஆங்கிலேயர் அல்லர், தமிழராகிய நாம். கலிலேயப் பேச்சால் அடையாளம் காணப்பட்டவரே பேதுரு. பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எவர் பேச்சையும் திருத்தவில்லை. அவரவர் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்கச் செய்தார்.

ஆகவே பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் எழுந்து அபராதத்தை நீக்கக் கேளுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களே, மலைக் குழந்தையின் பேச்சைத் திருத்துமுன் செவிகொடுத்துக் கேளுங்கள். தமிழுக்கு நாம் கேட்கும் நீதியைப் பளியர்க்கு மறுத்தால், நம் குரலுக்கு மதிப்பேது?